சங்குப்பூவுக்கு ஷேடு நெம்பர் இல்லை

சர்க்கரை இருநூத்தி நாப்பது என்று
சீட்டில் எழுதிய டாக்டரம்மா
பால் டீயை நிறுத்தச் சொன்னார்கள்.
முப்பத்தொரு வருசம், நாளைக்குப் பதினோரு டீ,
அத்தனையும் சாயப்பட்டறை வாசலில் நின்றபடி.
நிறுத்துவதென்றால்
ஓடுகிற வின்ச்சைக் கையால் பிடிக்கிற மாதிரி.

மயிலாத்தாள் சொன்னாள்:
"அதுக்கென்னுங், அடுப்பிருக்குது, வேலியிருக்குது.
காச்சிக் குடிங்."

முதல் நாள் ஆவாரம்பூ.
பல்லடம் ரோட்டோரம் பறித்து
கழித்துப்போட்ட பனியன் துணியில் பரப்பி
நிழலில் காய வைத்தது.
ஒரு கை பூ, ரெண்டு டம்ளர் தண்ணீர்,
சுண்டி ஒன்றாகும் வரை கெடிகாரம் பார்த்தேன்.
"இன்னும் அரை மணி ஓடட்டும்" என்று
வாய் தவறி வந்துவிட்டது.
"பட்டறைன்னு நெனச்சுப்போட்டீங்ளா?"
கேஸைக் குறைத்தாள்.
துண்டின் ஓரத்தை முக்கிப் பார்த்ததை
அவளிடம் சொல்லவில்லை.
லெமன் எல்லோ, ஆனால் ஒரு பிடி மங்கல்.
பார்ட்டிக்கு அனுப்பினால் திரும்பி வரும்.
எனக்குப் பிடித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை சுக்குமல்லி.
கருப்பட்டி போடாத சுக்குமல்லி
மாப்பிள்ளை வராத கலியாணம் என்றாள்.
நானும் கலியாணத்தை நடத்தி முடித்தேன்,
தொண்டை எரிய.

செம்பருத்திக்கு அஞ்சு இதழ்.
துளசிக்கு நிறமே இல்லை,
நேராக மூக்கில் ஏறிக்கொண்டது.

பிறகு சங்குப்பூ.
மோட்டார் ரூம் கம்பியில்
யாரும் கேட்காமல் ஏறிய கொடி.
ஏழு பூ, காம்பு கிள்ளி,
கொதித்த தண்ணீர் ஊற்றி மூடினேன்.
ராயல் புளூ வருமென்று நின்றேன்.
வந்தது
பச்சையில் விழுந்த ஏதோ ஒரு நிறம்.

பூவை மாற்றினேன். பாத்திரத்தை மாற்றினேன்.
அதே பச்சை.
மூன்றாம் தடவை, சும்மா ஒரு சந்தேகத்தில்,
கேன் தண்ணீர்.
நீலம். கண்ணில் அடிக்கிற நீலம்.

ஜன்னல் வெளிச்சத்தில்
ரெண்டு டம்ளரையும் ஒட்டி வைத்தேன்.
லேபில் அப்படித்தான் வைப்போம்,
ஸ்டாண்டர்டு வலது, சாம்பிள் இடது.
வலதில் முப்பத்தஞ்சு ரூபாய் கேன்.
இடதில் அறுநூறு அடி போர்,
எங்கள் வீட்டுக்கு அடியில் இருக்கிற மண்.

எத்தனை மூட்டை உப்பு,
எத்தனை மூட்டை சோடா ஆஷ் என்று
நோட்டில் ஏற்றியது இந்தக் கைதான்.
ராத்திரி பின்பக்கத்து மதகைத் தூக்கும்போது
நொய்யல் பக்கம் திரும்பாமல்
முன்வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.
அது அந்தப் பதினொன்றில் ஒன்று.

"ரெண்டும் அழகாத்தானுங் இருக்குது," என்றாள்,
"இதுல உங்குளுது எது?"

இடது டம்ளரில் எலுமிச்சை பிழிந்தேன்.
பச்சை கலங்கி,
நீலத்தில் ஒரு நொடி நின்று யோசித்து,
கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது.
மயிலாத்தாள் கை தட்டினாள்,
தேர்க்கடையில் பொம்மை பார்த்தவள் மாதிரி.
டம்ளருக்கு நாலு சொட்டு, அது எனக்கு அத்துபடி.
ஆத்துக்கு எத்தனை என்று
எந்த நோட்டிலும் நான் எழுதி வைக்கவில்லை.

குடித்தேன். புளிப்பு.
அடியில் லேசாக ஒரு உவர்ப்பு,
அது பூவுடையது அல்ல.

"நாளையிலிருந்து கேன் தண்ணியிலயே காச்சிக்கலாமுங்."
"கொடிக்கு எந்தத் தண்ணி உடறே?"
"போர்த் தண்ணிதானுங். அது குடிச்சுப் பழகிருச்சு."

போய்ப் பார்த்தேன்.
இருட்டுகிற நேரம், நாளைக்கான மொட்டுகள்
சுருட்டிய முனையில் நீலம் காட்டின.
நல்ல நீலம்.
யார் கொடுத்த ரெசிபியோ தெரியவில்லை.
எண்ணினேன், ஒன்பது.
ஏழு போதும் என்று
ரெண்டைக் கொடியிலேயே விடச் சொன்னேன்.