வால்

மாத்திரைப் போத்தலின் கழுத்துக்குள்
ஒரு குட்டிப் பொட்டலம் கிடக்கும், ஈரம் குடிக்கும் மணிகள்.
பாமசியில் எல்லோரும் எறிவார்கள். நான் எறிவதில்லை.
பண்டாரவளையில் பனி
கேட்காமலே ஜன்னலுக்குள் வந்து உட்காரும் மாதங்களில்
என் கண்ணாடி அலுமாரிக்கு அவைதான் காவல்.

வெண்கலத்துக்கும் சளி பிடிக்கும்.
இளம்பச்சை மாவாக, முதலில் காதுக்குப் பின்னால்,
பார்க்காமல் விட்டால் விலா வரைக்கும்.
போன ஐப்பசியில் நீர்நாய்க்கு வந்தது.
ஊசிமுனையால் சுரண்டி
ஊசிமருந்து கரைக்கும் வடித்த நீரில் மூன்று நாள் ஊறப்போட்டேன்.
அதன் வாயிலிருந்த மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பாலிஷ் மட்டும் போடவே கூடாது.
நூறு வருஷத்துக் கறுப்பை
ஒரு ஞாயிற்றுக்கிழமை தின்றுவிடும்.

சிறுத்தை வந்தது ஒரு துரை பங்களா ஏலத்தில்.
முன்கால் ஒன்று தூக்கியபடி,
வயிற்றடியில் பூதக்கண்ணாடிக்கும் பிடிபடாத எழுத்து.
வால் இல்லை.
தனியே வார்த்து ஆணியில் சேர்த்த வால்;
துளை மட்டும் இருந்தது.
ஏலக்காரர் சுத்தியலைத் தூக்கவே சோம்பினார்.
மூவாயிரத்து இருநூறு.

எட்டு மாதம் கழித்து
மனைவியின் பிரஷர் குளிசைக்கு வந்த அருளாந்து
(தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவர்)
மீதிக் காசை எண்ணாமல் அலுமாரியையே பார்த்தார்.
"இதுக்கு வால் எங்க வீட்டுக் கதவுல இருக்கே."

சிறுத்தையைத் துவாயில் சுற்றிப் பையில் போட்டேன்.
கூடவே ஹார்ட்வெயார் கடையில் வாங்கிய
புதுக் கைப்பிடி ஒன்று, ஸ்க்ரூ நான்கு.
தியத்தலாவையில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள்.
அந்த வருஷங்களில் அது வழக்கம்.
பையில் என்ன என்றான் பையன், மீசை இன்னும் முளைக்காதவன்.
சிங்களத்தில் சிறுத்தைக்குச் சொல்லும் சொல்
என் நாக்கில் ஏறி, வேறு அர்த்தமும் கூடவே ஏறி,
அப்படியே நின்றது.
பூனை, என்றேன்.
துவாயை விலக்கினான். தூக்கிப் பார்த்தான்.
பாரமான பூனை, என்றான்.
திருப்பித் தரும்முன் ஒரு விரலால்
அதன் நெற்றியைத் தடவினான்.

ஹப்புத்தளைக்குக் கீழே, லயத்தின் கடைசிக் காம்பரா.
நீலக் கதவு. அதில் வளைந்து, நுனி சுருண்டு, வால்.
பங்களாவுக்குக் கீழே கான் வெட்டும்போது கிடைத்ததாம்.
என் அலுமாரியில் கறுப்பு;
இங்கே கைபட்டுக் கைபட்டுப் பொன்.

அருளாந்து சிறுத்தையைக் குழந்தைபோலத் தோளோடு அணைத்து
பின்புறத்தைக் கதவோடு பொருத்தினார்.
இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.
ஒரு நிமிஷம்
முன்னால் சிறுத்தை,
பின்னால் அடுப்பு, கொடித்துணி, மாதா படம், இருமல் சத்தம்
எல்லாமாக ஒரே மிருகம் நின்றது.

ஐயாயிரம் என்றேன். புதுக் கைப்பிடியையும் நீட்டினேன்.
ரொட்டி தட்டிக்கொண்டிருந்த செசீலியம்மா
மாவுக் கையால் வாங்கி, திருப்பிப் பார்த்து, திருப்பித் தந்தார்.
"இது ஒரு மழைக்கே துருப்பிடிச்சிரும்.
வாலக் கழட்டுனா கதவ எதப் பிடிச்சு இழுக்கிறது?
வேணுமின்னா நீங்க புலிய விட்டுட்டுப் போங்க."
சிரிக்காமல்தான் சொன்னார்.
மேல்மலையில் நிஜமானது இறங்கி
ரெண்டு நாயைத் தூக்கிப் போயிருந்த வாரம் அது.

சூடான ரொட்டி, கட்டைச்சம்பல். தின்றேன்.
வரும்போது நானே கதவைச் சாத்தினேன்.
கைக்குள் வால் இளஞ்சூடாக இருந்தது.

கொள்ளுப்பிட்டியிலிருந்து ஒருவர் அடிக்கடி போன் எடுக்கிறார்.
சிறுத்தைக்கு நல்ல விலை தருவாராம்,
முழுசாக இருந்தால்.
முழுசுதான், என்கிறேன். விற்பதற்கில்லை.

என் கொப்பியில் அதன் பக்கம் இப்படி இருக்கிறது:
நீளம், மூக்கிலிருந்து ஒன்பது அங்குலம்.
நிறை, இரண்டு கிலோ நூற்றுப்பத்து.
இடதுகாதில் பழைய கீறல்.
வால்: ஹப்புத்தளையில். பாவனையில்.