கவர்மென்ட்

ஃபீனிக்ஸிலிருந்து கேப்டவுனுக்கு
ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர்.
வண்டியில் ஓட்டுகிற பூபாலன்,
பேசாத நான்,
எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பேசுகிற பூனை.

பெயர் கவர்மென்ட்.
நாள் முழுக்கத் தூங்கும்,
நேரம் தவறாமல் தீனி கேட்கும்,
கூப்பிட்டால் மட்டும் வராது என்று
அவர் வைத்த பெயர்.
அப்போதெல்லாம் வேடிக்கையாகப் பேசுவார்.

டாக்டர் கொடுத்த அரை மாத்திரையை
மேரியன்ஹில் சுங்கச்சாவடியில் துப்பியது,
சில்லறைக்கு நீட்டிய என் உள்ளங்கையிலேயே.
அங்கே ஆரம்பித்தது.
அழுகை என்று சொல்ல முடியாது.
வழக்கு.
எதிரே வந்த ஒவ்வொரு லாரி மீதும்
தனித்தனி வழக்கு,
மூய் ரிவர் வரை.

"கவர்மென்ட்டுக்குக் குளிருது போல" என்றேன்
ஜன்னலிடம்.
அவர் கண்ணாடியை ஏற்றினார்.
"கவர்மென்ட்டுக்குப் பசிக்குதோ என்னவோ" என்றார்
சாலையிடம்.
நான் சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரித்தேன்.
நான்கு மாதமாக இப்படித்தான்,
என்னைக் கேட்காமல் அந்த வேலைக்குச் சரி சொல்லிவிட்டு
சோற்றில் ரசம் ஊற்றியபடி
அவர் அதை அறிவித்த ராத்திரியிலிருந்து.

வான் ரீனன் கணவாயில் மூடுபனி.
முன்னால் போன லாரியின்
இரண்டு சிவப்புப் புள்ளிகள் தவிர
உலகம் இல்லை.
காது அடைத்தது மூவருக்கும்.
பூனைகூட வாயை மூடிக்கொண்டது.

அந்தப் பக்கம் இறங்கினால்
எல்லாம் தட்டை.
ஃப்ரீ ஸ்டேட்டின் சூரியகாந்திகள்
பதில் தெரியாத வகுப்பைப் போலத்
தலையைக் குனிந்து நின்றன,
மைல் கணக்கில்.

கோல்ஸ்பெர்கில் இரவு.
விடுதிக்காரி திருமதி ஃபூரி
"பூனைக்கு வாடகை இல்லை,
திரை கிழிந்தால் உண்டு" என்றாள்.
விடிவதற்கு முன் விழித்தேன்.
கூண்டுக் கதவு திறந்து கிடந்தது.
கட்டிலடியில் இல்லை.
குளியல் தொட்டியில் இல்லை.
திரை கிழியவில்லை.

வாசலில் அவர்,
கட்டம்போட்ட பைஜாமாவும் டார்ச்சுமாக,
கரூ வெளியின் அத்தனை இருட்டையும் பார்த்து,
"கவர்மென்ட்! ஏய், கவர்மென்ட்!"
லாரிக்குப் பக்கத்தில் தேநீர் காய்ச்சிக்கொண்டிருந்த
கோசா ஓட்டுநர் ஒருவர் நிமிர்ந்தார்.
"நாங்களும்தான் கூப்பிடுகிறோம், ஐயா.
எத்தனை வருஷமாக!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வெளியேறியது.
அவர் திரும்பிப் பார்த்தார்,
தெரு தவறி வந்த யாரையோ பார்ப்பதுபோல.

மெத்தைக்குக் கீழே, ஸ்பிரிங் பெட்டியின்
துணி கிழிந்த இடத்தில்
இரண்டு பச்சைப் பொட்டுகள்.
தரையில் குப்புறப் படுத்து
தோள்வரை கையை விட்டு இழுத்தார்.
இழுபட்டது. முழங்கைவரை பிறாண்டியும் விட்டது.
டெட்டால் போட்டுத் துடைத்தேன்.
கை மெலிந்திருந்தது.
எப்போது மெலிந்தார்?

த்ரீ சிஸ்டர்ஸ் குன்றுகளைத் தாண்டும்போது
அவருடைய பழைய ஸ்வெட்டரில், என் மடியில்,
கவர்மென்ட் தூங்கிவிட்டது.
நிஜத் தூக்கம், நாக்கு நுனி வெளியே தெரிய.
மொழிபெயர்ப்பவர் தூங்கிவிட்டால்
இரண்டு நாடுகள் என்ன செய்யும்?
போஃபர்ட் வெஸ்ட் வரை ஒன்றும் செய்யவில்லை.
பெட்ரோல் போட்டோம்.
கண்ணாடியில் ஒட்டிய பூச்சிகளை ஒரு பையன் தேய்த்தான்.

ஊர் முடிகிற இடத்தில் அவர் சொன்னார்:
"அங்கே போய் மூணு வாரம்
இதை வெளியே விடக்கூடாதாம்.
விட்டா பழைய வீட்டைத் தேடி
நடக்க ஆரம்பிச்சுடுமாம்."

சாலையிடம் அல்ல.
என்னிடம்தான்.

"எனக்கு எத்தனை வாரம்?" என்றேன்.

முன்னால் ஒரு ஆட்டு லாரி.
மரச்சட்டங்களுக்கு நடுவே
நூறு மூக்குகள்.
அவர் இண்டிகேட்டரைப் போட்டார்,
எட்டிப் பார்த்தார், பின்வாங்கினார்,
மறுபடி எட்டிப் பார்த்தார்.
டிக் டிக் டிக் என்று அது
அடித்துக்கொண்டே இருந்தது.

கேப்டவுன் இன்னும் நானூற்று அறுபது.