கோதுமை இழைத்த பலகை

ஸ்டென்னெஸ் ஊரின் தானியக் கோபுரத்தை இடித்த வாரம்
ஒரு லாரி மரம் நூற்று நாற்பது டாலர் என்றான் காண்டிராக்டர்.
நான் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்.
சஸ்காட்செவன் குளிரில் நின்று பேரம் பேசத் தெரியும்.
நூற்றுப் பத்துக்கு முடிந்தது.
"ஆணி இலவசம்" என்று சிரித்தான்.

ஏன் சிரித்தான் என்று
கராஜில் இறக்கிய பிறகுதான் புரிந்தது.
தூண் நிறுத்திச் சுவர் எழுப்பவில்லை அவர்கள்.
பலகைமேல் பலகையைப் படுக்கவைத்து
எண்பதடி உயரத்துக்கு
ஆணியாலேயே தைத்திருக்கிறார்கள்.
முழத்துக்கு ஐந்து.
சில இடங்களில், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவன் அடித்ததுபோல,
ஒன்பது.

நவம்பர் முழுக்கப் பிடுங்கினேன்.
டிசம்பரில் பாதி.
முனகிக்கொண்டு வருபவை சில,
கத்திக்கொண்டு வருபவை சில.
தலை ஒடிந்தவை உள்ளேயே பதுங்கி
ரம்பத்துக்குக் காத்திருக்கும்.
அப்படி ஒன்று கடித்துத் தகடு போயிற்று,
முப்பத்தெட்டு டாலர்.
டெல்மரிடம் சொல்லவில்லை.
குப்பைத் தொட்டியில் பார்த்தான்.
அவனும் சொல்லவில்லை.

வெளிச்சுவரின் சிவப்புப் பலகைகளைச்
சமையலறை அலமாரிக்கு என்று ஒதுக்கியிருந்தேன்.
சோதனைக் குச்சியின் நுனி இளஞ்சிவப்பானது:
ஈயப் பூச்சு.
கொட்டகைக்குப் பின்னால்
தார்ப்பாய் போர்த்திக் கிடக்கின்றன இப்போது,
ஊருக்குப் போகச் சொல்லவும் முடியாத
விருந்தாளிகளைப்போல.

உட்சுவர் வேறு.
அறுபது அறுவடை அதன்மேல் சரிந்து இறங்கியிருக்கிறது.
மெத்தென்ற இடத்தையெல்லாம் கோதுமை அரித்துப் போக
வைரம் மட்டும் வரிவரியாக எழுந்து நிற்கிறது.
கண்ணை மூடித் தடவினால்
காற்று படிந்துபோன மணல்.
எந்த உப்புத்தாளுக்கும் இந்தப் பொறுமை கிடையாது.

"இழைத்துச் சமமாக்கு" என்றான் டெல்மர்,
"மேசை என்றால் தட்டையாக இருக்கவேண்டும்."
இப்படியே இருக்கட்டும் என்றேன்.
சூப் சாயும் என்றான்.
சாயட்டும் என்றேன்.
பதினொரு நாள், மைனஸ் முப்பதில், இதே பேச்சு.

அவனுக்காக ஒரு ஓரத்தில்
நாலு விரற்கடை இழைத்துப் பார்த்தேன்.
மஞ்சளாய், பிசின் மணத்தோடு, மழமழவென்று வந்தது.
அழகுதான்.
கடையில் கிடைக்கிற அழகு.
இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த அதிர்வில்
ஒரு விரிசலிலிருந்து உதிர்ந்தன
ஒன்பது கோதுமை மணிகள்.
ஈரத் தாளில் சுற்றி ஜன்னலோரம் வைத்தேன்.
முளைக்காது என்று எனக்குத் தெரியும்.
முளைக்காது என்று டெல்மரும் சொன்னான்;
சொல்லிவிட்டு, நான் குளிக்கப் போகும்போதெல்லாம்
தாளைப் பிரித்துப் பார்த்தான்.
ஆறாம் நாள் பூஞ்சை பிடித்தது.
யார் எடுத்து எறிந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

அதற்கு மறுநாள்
ரம்ப மேசைமேல் புதுத் தகடு.
விலைச்சீட்டைக் கிழித்திருந்தான்.
"மேசை வேண்டாம், பெஞ்சாக்கு" என்றான்,
"சூப் மாதிரி மனுஷன் சாயமாட்டான்."

வாசற்கதவுக்குள் கிடக்கிறது பெஞ்ச்,
பூட்ஸ் கழற்ற.
ஒரு கால் சற்றுக் குட்டை; அது என் தப்பு,
மரத்தின் தப்பில்லை.
ஜூலையில் அரைக்கால்சட்டையோடு உட்கார்ந்து எழுந்தால்
தொடையில் வரிவரியாகப் பதிந்திருக்கும்.
டெல்மருக்கு அது மறைய
அரைமணி நேரம் ஆகிறது.

இன்னும் முக்கால் லாரி மிச்சம்.
கோழிக்கூடு என்கிறான் அவன்.
பார்க்கலாம்.