ஏழேகால் நொடி

சிரிப்பை அளந்து வரச்சொல்லி
வெர்னா ஹலோரனை ரயிலேற்றினார்கள்.
முப்பத்து நான்காம் வருஷம், பிப்ரவரி,
ஜெனசீ ஆறு உறைந்துகிடந்த ரோச்செஸ்டர்.
கையிலிருந்த ஸ்டாப்வாட்ச்
குதிரைப் பந்தயத்தில் பாதிச் சம்பளம் விடும்
தம்பியிடம் வாங்கிய இரவல்.

அறுநூறு இரவு மேடையில் ஓடிய பாட்டு நாடகம்
படமாகப் போகிறது.
கலிபோர்னியாவில் முதலாளிக்கு ஒரே கவலை:
மேடையில் மோர்ட் கிரான்ஸ் ஒரு வரியை வீசிவிட்டுத்
தொப்பி விளிம்பைத் துடைத்துக்கொண்டு நிற்பான்,
அரங்கம் அடங்கும்வரை.
கேமராவுக்கு முன்னால் எவ்வளவு நேரம் துடைப்பது?
குறைந்தால் அடுத்த வசனம் சிரிப்பில் மூழ்கும்.
கூடினால்
வசனம் மறந்தவன் போலிருக்கும்.

ஆகவே வெர்னா,
பன்னிரண்டாம் வரிசை, தூணோரம், ஒன்பது இரவு,
மடியில் கோடு போட்ட நோட்டு.

மூன்று மாப்பிள்ளைகளும் ஒரே அலமாரிக்குள்: நான்கரை.
கப்பல் கேப்டன் கேக்கின்மேல் உட்காருவது: ஆறு.
அதுவே சனிக்கிழமை: எட்டு.
இரண்டாம் பாட்டின் நடுவே தும்மல்:
சிரிப்பில்லை. பதிலுக்கு யாரோ தும்மினார்கள். வெட்டலாம்.

செவ்வாயன்று பனிப்புயல், நாற்பத்தொரு பேர்.
வேலை போனவர்கள் கணப்புச் சூட்டுக்காக டிக்கெட் எடுத்து
முதல் பாட்டிலேயே உறங்கிப்போனார்கள்.
அதையும் எழுதினாள்:
குறட்டை, மேல்மாடம், இடைவேளைவரை.

கடைசிக் காட்சியில் பதிவாளர் கேட்பார், மாப்பிள்ளை யாரென்று.
மோர்ட் சொல்வான்:
"நான் சாட்சி ஐயா. எல்லாக் கல்யாணத்துக்கும்."
எட்டு இரவும் ஐந்து நொடி,
ரயில்வே கால அட்டவணைபோல.

ஒன்பதாம் இரவு அவளே சிரித்துவிட்டாள்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
அந்த வாரம் அவள் தங்கைக்கு நிச்சயமாகியிருந்தது,
அது காரணமாக இருக்கலாம்,
இல்லாமலும் இருக்கலாம்.
அரங்கம் அடங்கிய பிறகும் தூணோரம் அடங்கவில்லை.
கட்டைவிரல் பொத்தானைத் தேடியபோது முள்
ஏழேகாலில் நின்றது.
எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

தட்டச்சு செய்த பெண்
கேள்விக்குறியை விட்டுவிட்டாள்.
டைரக்டர் கடைசி இரவின் கணக்கைத்தான் நம்புகிறவர்.

படப்பிடிப்புத் தளத்தில் மூச்சுவிட்டாலும்
மைக் பிடித்துக்கொள்ளும் காலம்.
தச்சர்கள் வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு நிற்க
மோர்ட் துடைத்தான்:
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.
அதற்குமேல் தொப்பியில் துடைக்க இடமில்லை.
நிமிர்ந்து பார்த்தான்.
கட் சொல்ல ஆளில்லை,
இன்னும் இரண்டேகால் பாக்கி.

வெளியான வாரம் பத்திரிகைகள் திட்டின:
வசனம் மறந்த நடிகனை வெட்டக்கூடவா கத்திரி இல்லை?

பிறகு கேக் பழசானது.
அலமாரியைத் திறந்தால் இப்போது புன்னகைதான்.
பாட்டுகளில் ஒன்றிரண்டு பல்பொடி விளம்பரத்துக்குப் போயின.
அந்த இரண்டேகால் மட்டும்
ஊர் ஊராய்த் திரையிடப்படுகிறது.
சிரிப்பு தீர்ந்த இடத்தில் ஒரு முகம்,
அடுத்து என்ன செய்வதென்று தெரியாத முகம்,
நம்மையே பார்க்கிறது.
நொடி என்றால் புதிர் என்றும் ஒரு பொருள் உண்டல்லவா.
காவியம் என்கிறார்கள் அதை.
மாணவர்கள் கட்டுரை எழுதுகிறார்கள்,
டைரக்டரின் துணிச்சலைப் பற்றி.

பெயர்ப் பட்டியலில் வெர்னா இல்லை.
முடிதிருத்துபவர் இருக்கிறார், கேக் செய்தவர் இருக்கிறார்.

அந்த மார்ச் மாதம்
ஸ்டாப்வாட்சைத் திருப்பிக் கொடுத்தபோது
தம்பி அதைக் காதில் வைத்துக் கேட்டான்:
"எந்தக் குதிரை ஜெயித்தது?"

"எல்லாம் ஓடி முடித்தபிறகு
ஒன்று வந்தது," என்றாள்.
"எழுதியிருக்கக் கூடாது."