புளியரைச் சரிவில் ஒரு ஞாயிறு

மழை கழுவிவிட்ட பாறையில்
வெள்ளையும் கறுப்புமாய் வரிகள்.
ஒன்று மட்டும் மடங்கி,
தன் முதுகிலேயே ஏறி,
பாதியில் நிற்கிறது.

காக்கைப்பொன் செதில் நகத்தோடு வந்தது.
கடுகளவு சிவப்பு மணிகள் வரவில்லை.

ஒருகாலத்தில் இது கடலடிச் சேறு என்றேன்.
செய்யதலி சிரிக்கவில்லை.
வாரத்தில் ஆறு நாள் இதைத்தான்
பொடியாக, தார்ப்பாய் மூடி,
சோதனைச்சாவடி தாண்டிப் புனலூருக்கு ஓட்டுகிறான்.

“எவ்வளவு ஆழத்துல வெந்துச்சாம்?”
இருபது கிலோமீட்டருக்கும் கீழே.
தலையைத் திருப்பிக் கணவாயைப் பார்த்தான்.
“ஆரியங்காவு தாண்டிரலாம்.”
பிறகு,
“பாஸ் இல்லாமலா ஏறி வந்துச்சு, இவ்வளவு தூரமும்?”

கீழே குவாரியில் இன்று வெடி இல்லை.
மடிப்பின்மேல் உள்ளங்கையை வைத்தவன்
வெடுக்கென்று எடுத்துக்கொண்டான்.
“இன்னும் ஆறலையே.”

வெயில்தான்.
நான் சொல்லவில்லை.