ஐம்பத்து நாலே முக்கால் பாகை

வெண்டை விதை தேவகோட்டைச் சந்தையில் வாங்கியது.
சர்க்கரைதான் கப்பலில் வந்தது,
கிராமுக்கு என் அரைமாதச் சம்பளம்.
அதன் கரியணு ஒவ்வொன்றிலும்
ஒரு நியூட்ரான் கூடுதல்.
அந்தக் கனம்தான் குரல்.
லேசான கரி ஊமை.

பதினோரு நாள் இருட்டில் அதைக் குடித்து
வெளிறி, நூலாய் நீண்டது நாற்று.
அரைத்து, அலசி,
உள்ளிருந்ததையெல்லாம் வடித்தபின்
மிஞ்சியது சுவர்,
ஒரு சிட்டிகை.
சுண்டுவிரல் நுனியில் நிற்கும் குழலில்
அடைத்து மூடினேன்.

காந்தத்துக்குள் சாய்த்துச் சுழற்ற வேண்டும்,
நொடிக்குப் பத்தாயிரம் சுற்று.
சாய்வு பிசகினால் பேச்சு குழறும்.
ஏன் இந்தச் சாய்வு என்று முத்துராக்கு கேட்டான்,
வாராவாரம் திரவ நைட்ரஜன் கொண்டுவருபவன்.
கோசைன் வர்க்கம் மூன்றில் ஒன்றாகும் இடம் என்றேன்.
தலையைச் சாய்த்துப் பார்த்தான்.
"ஓட்டுச் சாய்ப்பு வாட்டம்னு சொல்லுங்க."

மணி ஒன்றரை.
செக்காலை ரோட்டில் ஒரு லாரி,
அப்புறம் அதுவும் இல்லை.

இரண்டு விதமாய்க் கேட்கலாம் சுவரை.
அசையாதவற்றுக்கு ஒரு துடிப்பு வரிசை:
செல்லுலோஸ் பதில் சொல்லும்,
முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்த சங்கிலிகள்,
தண்ணீரைக்கூட உள்ளே விடாதவை.
அசைபவற்றுக்கு வேறு வரிசை:
பெக்டின் எழும், ஊசிபோல்.
வெண்டைக்காய் நறுக்கும்போது
கத்தியோடு கூடவே வருமே, அது.

டாக்டர் தேனம்மை பத்து வருடமாய்ப்
பலகையில் ஒரே படம் வரைகிறார்.
கம்பிகள் செல்லுலோஸ்.
கம்பிக்குக் கம்பி இழுத்துக் கட்டிய கயிறு
சைலோகுளுக்கன்
(புளியங்கொட்டை நிறைய இருப்பது;
அதைக் கஞ்சியாய்க் காய்ச்சித் தடவினால்
கண்டாங்கிப் பாவு விறைக்கும்).
பெக்டினுக்குக் கோடே கிடையாது.
சாக்பீஸைப் படுக்கவைத்து ஒரு இழுப்பு.
"இது சும்மா, இடத்தை அடைக்க."

மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு:
உன் பக்கத்தில் யார்?
ஒருவரைக் கிள்ளிவிட்டுக் காத்திருப்பது,
சிணுங்குவது யாரென்று பார்ப்பது.

செல்லுலோஸைக் கிள்ளினேன்.
கயிறு அங்கொன்றும் இங்கொன்றுமாய்த்தான் முனகியது.
இடத்தை அடைக்க வந்தது
வாய்விட்டுக் கத்தியது.

நம்பவில்லை.
சுழலும் சூட்டில் காய்ந்திருக்கும்;
காய்ந்த சுவரில் எல்லாம் எல்லாவற்றோடும் ஒட்டும்.
நிறுத்தி, திறந்து, ஒரு சொட்டு வடித்த நீர் விட்டேன்.
சம்பை ஊற்றுத் தண்ணீராயிருந்தால்
அதற்கும் பிடித்திருக்கும். ஆய்வுக்கு ஆகாது.
மறுபடி ஏற்றும்போது கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமி எழுவதற்குள்
என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது.

நாலு மணிக்கு வந்த பதில்
முன்னது மாதிரியே.
நீர் பட்ட பெக்டின் நன்றாகவே ஆடியது,
ஆனால் கம்பியோடு உரசிக்கொண்டே ஆடியது.

செய்தி அனுப்பினேன்.
'மறுபடி ஓட்டு' என்றார்.
'ஓட்டியாச்சு.'
அதற்கப்புறம் மூன்று புள்ளிகள் தெரிந்தன,
மறைந்தன, தெரிந்தன.

ஏழரைக்குக் கோவிலூர் பஸ்ஸில் வந்திறங்கி
பையைக்கூட வைக்காமல் திரையைப் பார்த்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
வகுப்பறைக்குப் போனார்; பின்னாலேயே போனேன்.
வெள்ளிக்கிழமைப் படம் அழிபடாமல் இருந்தது.
துடைப்பானை எடுத்தார், வைத்துவிட்டார்.
ஆள்காட்டி விரலால்
கயிறுகளை ஒவ்வொன்றாய் அறுத்தார்.
இரண்டு மூன்றை விட்டுவைத்தார்.

"அப்போ எதும்மா தாங்குது?" என்றார்,
என்னிடமா, பலகையிடமா.

தெரியலை என்றேன்.
டிபன் டப்பாவைத் திறந்தேன், ராத்திரி சாப்பிடாதது.
வெண்டைக்காய் மண்டி.
கழுநீரில், புளியில், அவ்வளவு கொதித்தும்
துண்டுகள் துண்டுகளாகவே இருந்தன.

அவர் சாக்பீஸை நிமிர்த்திப் பிடித்துப்
பெக்டினுக்கு முதல் கோட்டை இழுத்தார்.