ஐந்தாவது எண்

சீனக் கோயிலுக்கு எதிரே, டயர் கடை வாசலில்
மைலோ டின்னில் சொருகியிருந்தது வரைபடம்.
இலவசம். எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.
கொடி பிடித்து முன்னால் போக ஆள் கிடையாது.

“சுங்கை மெரந்தியில் வடித்ததைக் குடிக்க ஐந்து இடங்கள்.
மொத்தம் ஒன்றே முக்கால் கிலோமீட்டர்.
தண்ணீர் கொண்டு வரவும். நாய் உண்டு.”

நாற்பத்து மூன்று வருடமாய் இருக்கிற ஊரை
எனக்குக் காட்ட ஒரு தாள்.
ஞாயிறு. ஆலை நின்றிருந்தது.
செம்பனை எண்ணெயின் புளிப்பை அளக்கிற வேலை எனக்கு:
கண்ணாடிக் குழாய், சொட்டு, சொட்டு, இளஞ்சிவப்பு, நிறுத்து.
நாக்குக்கு அங்கே சம்பளம் இல்லை.

முதல் இடம் அந்த டயர் கடையின் பின்கட்டு.
வெய் லுன், மெல்பர்னுக்குக் கணக்குப் படிக்கப் போய்
இரண்டு எஃகுத் தொட்டியோடு திரும்பி வந்தவன்.
“லைசென்ஸ் வந்துரும் அக்கா” என்றான்.
போன வருடமும் அது வந்துகொண்டுதான் இருந்தது.
அதுவரை விற்பதில்லை, ருசி பார்க்கத் தருகிறான்.
அசாம் பொய் போட்ட பீர்.
முதல் வாய், காய்ச்சலில் கிடந்து சப்பிய கொட்டை.
இரண்டாம் வாயில் ரப்பர்.
தொட்டியிலிருந்தா டயரிலிருந்தா, நான் கேட்கவில்லை.

தண்டவாளம் தாண்டினால் கள்ளுக்கடை,
லைசென்ஸ் இருக்கிற ஒரே இடம்.
கம்பி வலைக்குப் பின்னால் வீரபத்திரன்
என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து
“யாருக்கு?” என்றார்.
“எனக்கு.”
பெஞ்சில் இருந்தவர்கள் தங்கள் மங்கில்
எறும்பு தேடத் தொடங்கினார்கள்.
பதினோரு மணிக் கள் சின்னப் பையன் மாதிரி.
இரண்டு மணிக்கு வந்தால் அதுவே
சட்டையைக் கழற்றிச் சண்டைக்கு நிற்கும்.
வரைபடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார்.
‘பாரம்பரியம்’ என்று படித்துச் சொன்னேன்.
“அப்படின்னா கூரை மாத்திக் குடுப்பாங்களா?”

மூன்றாவது, தீம்பார் ஆட்கள் தங்கும் கொட்டகை.
சரவாக்கிலிருந்து லாரி ஓட்ட வந்த லவாய்
அரிசியில் தூவாக் போடுகிறான்.
ஆள் இல்லை. கதவில் மலாயில் ஒரு சீட்டு:
சாவி இடது செருப்பில். காசு டின்னில்.
இதைவிட மரியாதையாக என்னை
எந்த வீடும் உள்ளே விட்டதில்லை.
கவிழ்த்திருந்த கிளாசைக் கழுவி, ஊற்றி,
அவன் கட்டிலில் உட்காராமல் நின்றே குடித்தேன்.
டின்னில் எட்டு வெள்ளி, ஒரு சட்டைப் பொத்தான்.
ஐந்து போட்டுப் பூட்டினேன்.
எந்தச் செருப்பு என்பது மட்டும் மறந்துபோய்
சற்று நேரம் நின்றேன்.

நாலாவது வீட்டில் மஞ்சள் ஒயின் இல்லை.
நேற்று இரவு மருமகளுக்குக் குழந்தை.
“முப்பது நாளைக்கு எல்லாம் அவளுக்கு” என்றாள்
சமையலறையிலிருந்து ஒரு இஞ்சிக் கை நீட்டி ஆ மொய்.
உள்ளே புது அழுகை.
வரைபடத்தில் நாலைச் சுற்றி வட்டம் போட்டு
‘பிஸி’ என்று எழுதினேன்.

விளக்குக் கம்பத்தில் திரும்பவும்.
பலா மரம். பச்சைக் கேட்.
தாளைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தேன்.
என் பலா மரம். என் கேட்.
“ஐந்து: அன்னாசி. அனுமதி இல்லாதது.
வீட்டுக்கார அம்மா சிடுமூஞ்சி. விடாதீர்கள்.”

சீனப் பெருநாளுக்குக் கிச்சாப் போத்தலில்
ஒரே ஒரு தடவை கொடுத்தேன், பாவி.

கேட்டருகே தொப்பி போட்ட இரண்டு பேர்,
கோலாலம்பூர்க்காரர்கள், இதே தாளோடு.
“ஆன்ட்டி, இங்கதானே நீலவேணி?”

பதில் சொல்லாமல் உள்ளே போனேன்.
தொட்டிக்கு அடியில் நீல வாளி.
மூடியைத் திறந்தால் காதோரம் இரைச்சல்,
நல்ல எண்ணெயில் அப்பளம் விழுவது போல.
மிதவையை விட்டேன். பாதியில் நின்றது.
விரலை விட்டு நக்கியும் பார்த்தேன்.

“இன்னும் இனிக்குது.
வியாழக்கிழமை வாங்க. போத்தல் கொண்டாங்க.”
முகத்தைச் சிடுசிடு என்று வைத்துக்கொண்டுதான் சொன்னேன்,
அச்சில் வந்ததைப் பொய்யாக்கக் கூடாதே.

அவர்கள் பலா மரம் தாண்டிய பிறகு
தாளை மறுபடி பார்த்தேன்.
ஐந்து இடத்திலும் நாயைக் காணோம்.
தெருவில் யாரும் இல்லை.
கேட்டுக்குள் நின்று
ஒரே ஒரு தடவை
குலைத்துப் பார்த்தேன்.